சிப்ஸ் கடைக்கு மேலே ஒரு முகவரி

எங்கள் ஊர் ஸ்டேவர்லியில் ஒருவர் உங்கள் வீடு எங்கே என்று கேட்டால் அது உங்கள் மேலுள்ள அக்கறை அல்ல. டேம் ஃபிலிப்பா பள்ளியின் இரும்புக் கதவிலிருந்து உங்கள் வாசற்படி வரை மனதுக்குள் ஒரு கோடு இழுத்துப் பார்க்கிறார். கோடு குட்டையாக இருந்தால் அவர் முகம் லேசாகச் சுண்டும். நீளமாக இருந்தால் பரிவோடு மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

டேம் ஃபிலிப்பா பெண்களுக்கான கிராமர் பள்ளி. பேருக்குத்தான் கிராமர், இலக்கணத்துக்கும் அதற்கும் இப்போது சம்பந்தம் இல்லை. பத்து, பதினோரு வயதுப் பெண்களை ஒரு காலைப் பொழுது உட்காரவைத்துத் தேர்வு எழுதச் சொல்லி, தேறியவர்களை உள்ளே எடுத்துக்கொண்டு, தேறாதவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. கட்டணம் கிடையாது. அதனால்தான் ஊரில் அதற்கு இவ்வளவு செலவாகிறது. தேறுகிறவர்களின் எண்ணிக்கை பள்ளியில் உள்ள இடங்களைவிட அதிகம் என்பதால், தேறியவர்களில் பக்கத்தில் இருப்பவருக்கு முதலிடம். தூரத்தைச் சாலை வழியாக அளப்பதில்லை. காகம் பறக்கிற மாதிரி நேர்கோட்டில் அளப்பார்கள். ஒவ்வொரு மார்ச் மாதமும் கடைசியாக இடம் கிடைத்த பெண்ணின் வீடு எந்தத் தெரு என்பது ஊர் முழுக்கப் பேச்சாக இருக்கும். அந்தத் தெருவில் வீட்டு விலை ஒரே வாரத்தில் ஏறிவிடும். அடுத்த தெருவில் இருப்பவர்கள் அன்று வெளியே தலைகாட்ட மாட்டார்கள்.

லொரேன் டக்கெட் இருந்தது அந்த அடுத்த தெருவுக்கும் அடுத்த தெருவில்.

அவள் பிறந்தது ஆற்றுக்கு வடக்கே, ஊர் நிர்வாகக் கவுன்சில் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில். பதினோராம் வயதில் அவளும் தேர்வு எழுதினாள், தேறவில்லை. அவளுடைய அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உனக்கு நல்ல தலைமுடி இருக்கிறது என்று சொல்லி, அன்று சாயங்காலம் சாஸேஜும் பட்டாணியும் வைத்துக் கொடுத்தாள். லொரேனும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளைக் கெடுத்தது பஸ். இரண்டு பள்ளிகளின் பெண்களும் அந்த ஒரே இரட்டைமாடிப் பஸ்ஸில்தான் வருவார்கள். மாடி டேம் ஃபிலிப்பா பெண்களுக்கு. அப்படி யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஒரு மழை நாளில் கீழே நிற்க இடமில்லாமல் லொரேன் மாடி ஏறினாள். டேம் ஃபிலிப்பாவின் ஊதா நிறச் சீருடைக் கோட்டுப் போட்ட ஒருத்தி, அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மடியிலிருந்த பையை எடுத்துக் காலியாக இருந்த பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. வேறு எவளாக இருந்தாலும் அந்தப் பள்ளியை வாழ்நாள் முழுக்க வெறுத்திருப்பாள். லொரேன் வெறுக்கவில்லை. தன் மகளும் ஒரு நாள் அப்படிப் பையை எடுத்து வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஒரு பையைப் பார்த்து வாழ்க்கையை அமைத்துக்கொண்டவள் என்று அவளைப் பற்றிச் சொல்லிவிடலாம்.

வளர்ந்து பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பு மேசைக்கு வேலைக்குப் போனாள். அங்கே அவளுக்கு இரண்டு குரல் உண்டாயிற்று. ஆற்றுக்கு வடக்கேயிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று, டேம் ஃபிலிப்பா தாய்மார்களுக்கு இன்னொன்று. இரண்டாவது குரலில் அவள் பேசும்போது வலியோடு உட்கார்ந்திருப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். வீடுகளுக்குக் கார்ப்பெட் விரிக்கும் கிரஹாமைக் கல்யாணம் செய்துகொண்டாள். நாளெல்லாம் முழங்காலில் நின்று வேலை செய்கிறவன், அதிகம் பேசாதவன். பெண்கள் இரண்டு பேர் பிறந்ததும் மூத்தவளுக்கு இமோஜன் என்றும் இளையவளுக்கு பீட்ரிஸ் என்றும் பெயர் வைத்தாள். பரிசளிப்பு விழாவில் மேடையிலிருந்து கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்த பெயர்கள் அவை. கிரஹாம் அவர்களை இம்மி, பீ என்று கூப்பிட்டான். அதற்கும் திட்டு வாங்கினான்.

எங்கள் ஊரில் தேர்வுக்குத் தனிப்பாடம் வைக்காத வீடு கிடையாது. தனிப்பாடம் வைத்ததாக ஒப்புக்கொள்ளும் வீடும் கிடையாது. பெண் தானாகவே கெட்டிக்காரியாக இருக்க வேண்டும். தோட்டத்துப் பேரி மரம் பழுப்பதைப் போல அவளும் தன்னால் பழுத்து, ஒரு காலையில் போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தாள் என்று இருக்க வேண்டும். அதனால் வாத்தியார் தன் காரைத் தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்து வருவார். இமோஜனுக்கு வியாழக்கிழமை பாடம். வியாழக்கிழமை நீச்சல் என்று லொரேன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பாடம் முடிந்ததும் வீட்டுக் குழாயிலேயே அவள் தலையை நனைத்துத் துவட்டி, ஊர் பார்க்க ஒரு நடை வெளியே அழைத்துப் போய் வருவாள். தெருவில் அதேபோல் ஈரத்தலையோடு போகும் பெண்கள் இன்னும் நாலைந்து பேரைப் பார்க்கலாம். அந்தக் காலம் முழுக்க ஊர் நீச்சல்குளம் பழுதுபார்ப்புக்காக மூடியிருந்தது. அதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

இதையெல்லாம் ஊர் மரியாதை என்று வைத்திருக்கிறது. ஆனால் முகவரியில் பொய் சொன்னால் அது குற்றம். அதற்கு மட்டும் எல்லாருக்கும் தர்மம் ஞாபகம் வரும்.

தேர்வுக்கு முந்தைய ஜூன் மாதத்தில், இமோஜன் தேறிவிடுவாள் என்று வாத்தியார் சொன்னார். அன்றிலிருந்து லொரேனுக்குத் தூக்கம் போயிற்று. தேறியும் தூரத்தில் தோற்பது தேறாமல் இருப்பதைவிடக் கேவலம். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்க அவர்களால் முடியாது. பள்ளி வாசலுக்கு நேர் எதிரே, கடைத்தெருவான ஹை ஸ்ட்ரீட்டில், எண்ணெயில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் விற்கும் ஸ்டெலியோஸின் மீன்–சிப்ஸ் கடைக்கு மேல் இரண்டு அறை காலியாக இருந்தது. ஆனால் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் ஒன்றை வாடகைக்குப் பிடிப்பவர்களை, இடங்களை ஒதுக்கும் கவுன்சில் ஏற்காது. பிள்ளை நிஜமாகவே வாழும் வீடுதான் கணக்கு. பெற்றோர் பிரிந்திருந்தால் மட்டும், பிள்ளை யாரோடு இருக்கிறதோ அந்த வீட்டை எடுத்துக்கொள்வார்கள்.

கவுன்சில் விதிகளில் இருந்த அந்தக் கடைசி வரியை லொரேன் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு சமையலறைக்கு வந்து தட்டு கழுவிக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள்.

“கிரஹாம், நாம பிரிஞ்சுடலாம்.”

அவன் குழாயை மூடினான். “நான் என்ன பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. நீ என்னைக்கு என்ன பண்ணியிருக்க? பள்ளிக்கூடத்துக்காகச் சொல்றேன். நீயும் இமோஜனும் சிப்ஸ் கடை மாடிக்குப் போங்க. ஒரு வருஷம். அவ சேர்ந்ததும் திரும்பி வந்துடலாம்.”

அவன் யோசித்துவிட்டு, ஏன் அவள் போகக்கூடாது என்று கேட்டான். வரவேற்பு மேசையில் உட்காருகிறவள் எண்ணெய் நாற்றத்தோடு போக முடியுமா என்று அவள் கேட்டாள். அவன் உடம்பில் ஏற்கெனவே கார்ப்பெட் பசை நாற்றம்தானே, ஒன்றோடு ஒன்று போகட்டும் என்றாள். அவன் சிரித்தான். அது அவள் கடைசியாகச் சொன்ன நகைச்சுவை என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

ஜூலையில் அவனும் இமோஜனும் இரண்டு பெட்டிகளும் ஒரு வெள்ளெலிக் கூண்டுமாகப் போனார்கள். பீட்ரிஸ் அம்மாவோடு இருந்தாள். லொரேன் கவுன்சிலுக்குப் பிரிந்த தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்தாள்.

ஆனால் எழுத்து போதாது, ஊர் நம்ப வேண்டும். லொரேன் அதை நன்றாகச் செய்தாள். பல் வலியோடு வருகிறவர்களின் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மோதிரத்தைக் கழற்றி, கழற்றிய இடத்தைத் தடவினாள். முதலில், அவர் வளரவே இல்லை, நான் வளர்ந்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். கேட்டவர்கள் தலையாட்டினார்களே தவிர நம்பியதாகத் தெரியவில்லை. அந்தக் கணக்குப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் பிரிந்திருக்க வேண்டும். அதனால் அவனோடு சேர்த்துப் பேச ஒரு பெண்ணைக் கற்பனையில் உண்டாக்கினாள். பெயர் சொல்லவில்லை. மாடிப்படிக்குக் கார்ப்பெட் போடப் போன வீட்டில், என்று பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அது நன்றாக வேலை செய்தது. அந்த வாரமே இரண்டு பேர் ஆறுதலுக்கு இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் செய்து கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்றில் உப்பு அதிகம் என்று லொரேன் தங்கையிடம் போனில் சொன்னாள்.

கிரஹாமுக்குச் செய்தி ஒரு வாடிக்கையாளர் வீட்டில் தெரிந்தது. படுக்கையறைக்கு அளவெடுக்கப் போனவனிடம் வீட்டுக்காரி, கணவர் வந்த பிறகு வந்து எடுங்களேன் என்றாள். காரணம் கேட்டு வாங்குவதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சாயங்காலம் போய் லொரேனைக் கேட்டான். தனக்கு வேறு வழி தெரியவில்லை என்றும், குடிகாரன் என்று சொல்லியிருந்தால் பிள்ளையை அவனோடு விட்டது எப்படி என்று கேட்பார்கள், கேட்டால் என்ன சொல்வது என்றும் அவள் கேட்டாள். அவள் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாள் என்பதைக் கேட்டுவிட்டு அவன் மாடிக்குத் திரும்பிப் போனான்.

இமோஜன் செப்டம்பரில் எழுதினாள், அக்டோபரில் தேறினாள். நவம்பரில் யாரோ கவுன்சிலுக்கு மொட்டைக் கடிதம் போட்டார்கள். போலின் ஆஸ்குட்டாகத்தான் இருக்கும் என்று லொரேன் கடைசிவரை சொன்னாள். போலினும் தன் பெண்ணை வியாழக்கிழமைதோறும் தலையை நனைத்துக் கூட்டி வந்தவள்தான். ஆனால் அவள் வீடு இடம் கிடைக்கும் தூரத்துக்குள்ளே இருந்தது. அதனால் அவள் நேர்மையானவள்.

கவுன்சில் அதிகாரி ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு காலை மாடிக்கு வந்தார். கிரஹாம் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். இமோஜன் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தாள். அதிகாரி பல் துலக்கும் பிரஷ்களையும் பெண்ணின் படுக்கையையும் வெள்ளெலியையும் பார்த்தார். பொய்யைத் தேடி வந்தவருக்கு அங்கே ஒன்றும் அகப்படவில்லை. அங்கே நிஜமாகவே இரண்டு பேர் குடியிருந்தார்கள். கிளம்பும்போது, மனைவி திரும்பிச் சேருவார் என்று எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டார். கிரஹாம் முட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டு, இல்லை என்றான்.

லொரேனுக்கு அதைச் சொன்னபோது அவளுக்குக் கொள்ளாத சந்தோஷம்.

“கொஞ்சம் தொண்டை அடைச்ச மாதிரி சொன்னியா?”

“இல்ல. அடைக்கல.”

“சரி, பரவால்ல. நீ சொன்னா யாரும் நம்புவாங்க. உன் மூஞ்சி அப்படி.”

மார்ச்சில் இடம் கிடைத்தது. லொரேன் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து அழுதாள். இது நிஜ அழுகை என்பதால் அவ்வளவு நன்றாக இல்லை, மூக்கெல்லாம் சிவந்துவிட்டது. கேட்டவர்களிடம், அவ பாட்டுக்குப் போய் எழுதினா, வீட்டுல இவ்வளவு நடக்கிறப்ப நாங்க எதையும் எதிர்பார்க்கவே இல்ல என்றாள். பிரிந்த குடும்பம் என்பதால் தானாகப் பழுத்த கெட்டிக்காரிக்கு இன்னும் கொஞ்சம் மெருகு ஏறியது. ஒரே ஒரு கடையில் மட்டும் விற்கும் அந்த ஊதா கோட்டை, வளர்ந்தாலும் போடும்படி இரண்டு அளவு பெரிதாக வாங்கினாள். இமோஜன் அதற்குள் நின்றபோது துணிக்கடை ஹேங்கரில் கோட் தொங்குவது போல இருந்தது.

முதல் நாள் தலைமையாசிரியை மிஸஸ் வின்டர்போர்ன் பெற்றோர்களுக்குப் பேசினார். எங்கள் பெண்கள் பயிற்சியால் ஆனவர்கள் அல்ல, இயல்பிலேயே தேடல் உள்ளவர்கள் என்றார். கூடத்தில் இருந்த அத்தனை தாய்மார்களும் தலையசைத்தார்கள். தேவாலயத்துக்குப் பின்னால் கார் நிறுத்தும் வாத்தியார் அங்கே இருந்திருந்தால் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்.

டேம் ஃபிலிப்பாவில் நான்கு அணிகள் உண்டு, செத்துப்போன நான்கு சீமாட்டிகளின் பெயரில். காலையில் யாருக்கும் புரியாத ஒரு லத்தீன் பிரார்த்தனை உண்டு. பெண்களைப் படிப்புக்கு ஏற்பப் பிரித்து உட்காரவைப்பார்கள். அந்தப் பிரிவுகளுக்கு எண் வைத்தால் மனம் புண்படும் என்று பூக்களின் பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் பூ எத்தனையாவது என்பது முதல் வாரத்திலேயே எல்லாப் பெண்களுக்கும் தெரிந்துவிடும். இமோஜனுக்குக் கணக்கில் டெய்சி கிடைத்தது. டெய்சிக்குக் கீழே பூ கிடையாது. தேர்வுக்காகப் பழக்கப்பட்ட கேள்விகள் தேர்வோடு முடிந்துபோயிருந்தன.

இன்னொரு விதியும் உண்டு. ஊதா கோட்டோடு எந்தப் பெண்ணும் தெருவில் தின்னக்கூடாது. ஹை ஸ்ட்ரீட் சிப்ஸ் கடைக்குள் காலே வைக்கக்கூடாது. ஸ்டெலியோஸின் தாத்தா காலத்திலிருந்து இருக்கும் விதி. அந்தக் கடைக்கு மேலே இருக்கும் அறைகளுக்குப் போகும் படிக்கட்டு கடையின் உள்ளே, கல்லாவுக்குப் பின்னால் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பள்ளியில் போய், என் வீடு அங்கேதான் என்று சொல்லிவிடுவார்கள். இமோஜனால் சொல்ல முடியாது. சிப்ஸ் கடை மாடியில் இருக்கிறோம் என்று எவளிடமும் வாய் திறக்காதே, ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கிறோம் என்று மட்டும் சொல்லு என்று லொரேன் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். எந்த முகவரிக்காகக் குடும்பம் இரண்டாகப் பிரிந்ததோ அந்த முகவரியை வாயால் சொல்லக்கூடாது. அதனால் பெண் தினமும் பள்ளி விட்டதும், எதிரே இருக்கும் வீட்டுக்குப் போகாமல், ஹை ஸ்ட்ரீட்டின் கோடிவரை நடந்து, நூலகத்துக் கழிவறையில் கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, திரும்பி நடந்து வந்து கடைக்குள் நுழைவாள். அவள் ஸ்வெட்டரில் கடுகளவு கறைகூட இல்லை, ஆனால் எண்ணெய் வாசனை போகாது. சிப்ஸ் மேல் தெளிக்கும் புளிக்காடியை வைத்து, வகுப்பில் அவளுக்கு வினிகர் என்று பெயர் வந்தது. மதியம் சாப்பிடும்போது பக்கத்து இருக்கையில் ஒருத்தி பையை எடுத்து வைத்தாள். இதை இமோஜன் அப்பாவிடம் ஒரு நாள் போகிறபோக்கில் சொன்னாள். அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்கும் தெரியவில்லை.

நவம்பரில் ஒரு நாள் அடைமழை. நூலகம் வரை போக முடியாமல் கோட்டோடு கடைக்குள் ஓடினாள். மேல்வகுப்பு மாணவி ஒருத்தி பார்த்துப் பெயரை எழுதிக் கொடுத்தாள். அடுத்த நாள் பள்ளி விட்டபின் தனியாக உட்கார்ந்து, வெளியிடங்களில் பள்ளியின் கௌரவத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று தண்டனை. அவள் எழுதினாள். ஏன் கடைக்குள் போனாய் என்று கேட்டதற்குப் பசித்தது என்று பதில் சொன்னாள்.

சாயங்காலம் பெண் வராததால் கிரஹாம் முழங்கால் பட்டையைக்கூடக் கழற்றாமல் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போனான். விஷயம் தெரிந்ததும், தண்டனை வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியையிடம் சொன்னான்.

“அது கடை இல்லம்மா, அவ வீடு. மேல நாங்கதான் இருக்கோம். ஜன்னல்ல எட்டிப் பாருங்க, வெள்ளெலி தெரியும்.”

ஆசிரியை ஜன்னலைப் பார்த்தாள். முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். நல்ல பெண்தான், ஊருக்குப் புதிது. மறுநாள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. வாரக் கடைசிக்குள் பல் மருத்துவரின் வரவேற்பறைக்கும் வந்து சேர்ந்தது. உங்க வீட்டுக்காரர் அங்கேயா இருக்கார், பாவம் குழந்தை, என்று மேசை மேல் குனிந்து ஒருத்தி கேட்டாள். லொரேனுக்கு அன்று முழுக்க இரண்டாவது குரல் வரவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு இமோஜனைக் கூட்டிக்கொண்டு கிரஹாம் வீட்டுக்கு வந்தான். ஊருக்கு அது பிரிந்தவர்கள் பிள்ளைகளுக்காக ஒன்றாகச் சாப்பிடுவது. வான்கோழியும் வறுத்த உருளைக்கிழங்கும் முடிந்து, பெண்கள் டிவி முன்னால் போனபின், லொரேன் அவனைத் திட்டினாள். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாய், வாய் இருக்காது இருக்காது என்று பார்த்தால் தேவையில்லாத இடத்தில் உனக்கு வாய் வருகிறது என்றாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பெண் சேர்ந்துவிட்டாள், இப்போது திரும்பி வரலாமா என்று கேட்டான். முடியாது என்றாள். பீட்ரிஸ் அடுத்து எழுதப் போகிறாள். அக்கா அந்தப் பள்ளியில் இருந்தால் தங்கைக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் இருவரும் ஒரே முகவரியில் இருக்க வேண்டும். விதியைத் தேடிப் படித்திருந்தாள். அதனால் பீட்ரிஸும் ஜனவரியில் மாடிக்குப் போக வேண்டும்.

கிரஹாம் மேஜை விரிப்பில் சிந்தியிருந்த துணுக்குகளைக் கையால் கூட்டினான்.

“அப்போ நீ மட்டும் இங்க.”

“கொஞ்ச நாளைக்குத்தானே.”

“லொரேன், நீயும் வந்துடு. இந்த வீட்டை வித்துடலாம். நாலு பேரும் அங்கயே இருப்போம். நிஜமாவே அங்கதான் இருக்கோம்னு ஆயிடும். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. வரவேற்பு மேசையில், நேரம் குறிக்காமல் வந்து நிற்பவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“சிப்ஸ் கடைக்கு மேலயா? டேம் ஃபிலிப்பா அம்மாக்கள் காபி குடிக்க வந்தா, கல்லாவுக்குப் பின்னால ஏறி வாங்கன்னு சொல்லட்டுமா?”

“யாரு வர்றாங்க?”

“வருவாங்க.”

யாரும் வரவில்லை. பீட்ரிஸ் ஜனவரியில் தலையணையைக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். மூன்று படுக்கையறை வீட்டில் லொரேன் தனியாக இருந்தாள். சாயங்காலங்களில் தங்கையைக் கூப்பிட்டு, தியாகம் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கினாள்.

மாடியில் வேறு மாதிரி இருந்தது. ஸ்டெலியோஸ் கடை மூடும்போது மிச்சமிருக்கும், காட் என்ற கடல்மீனைக் காகிதத்தில் சுற்றி மேலே அனுப்புவார். தலைமையாசிரியைக்குத் தெரிஞ்சா என்னைத் தூக்குல போட்டுடுவாங்க, ஜன்னலைச் சாத்திட்டுத் தின்னுங்கடி, என்பார். இமோஜனின் கோட் இப்போது ஆணியில் எல்லாரும் பார்க்கத் தொங்கியது. ஒருமுறை தெரிந்துபோன பிறகு மறைக்க ஒன்றும் இல்லாததால், அவள் டெய்சியிலிருந்து ஒரு பூ மேலே ஏறினாள். வினிகர் என்று கூப்பிடுகிறவர்களில் ஒருத்தி வெள்ளிக்கிழமைகளில் மாடிக்கே வர ஆரம்பித்தாள், சிப்ஸுக்காக.

பீட்ரிஸ் செப்டம்பரில் எழுதினாள். அவளுக்கும் தேவாலயத்து வாத்தியார்தான், வியாழக்கிழமைதான், ஈரத்தலைதான். அக்டோபரில் முடிவு வந்தது. தேறவில்லை.

லொரேன் அன்று சாயங்காலம் மாடிக்கு வந்தாள். கடை வழியாக வர வேண்டியிருந்ததால் ஏற்கெனவே மூக்கைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். மேல்முறையீடு செய்யலாம் என்றாள். வீட்டுச் சூழ்நிலை, பெற்றோர் பிரிவு, குழந்தையின் மனநிலை என்று காரணங்களை விரல்விட்டு அடுக்கினாள். கிரஹாம் வேண்டாம் என்றான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் லொரேனே படித்திருக்கிறாள், ஒன்றும் ஆகிவிடவில்லையே என்றான். ஆகாததாலதான் சொல்றேன் என்றாள் லொரேன். இளையவளைப் பார்த்து, நீ உங்க அப்பா பக்கம், என்றாள்.

பீட்ரிஸ் அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்ளவில்லை. குளம் திறந்துவிட்டார்களாமே, இனி வியாழக்கிழமை நிஜமாகவே நீச்சலுக்குப் போகலாமா என்று கேட்டாள். அப்பா போகலாம் என்றான்.

பெண்கள் கீழே ஸ்டெலியோஸிடம் போனார்கள். லொரேன் சமையலறை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். இனி இந்த மாடியால் பிரயோஜனம் இல்லை என்றாள். இமோஜன் உள்ளே போய் இரண்டாம் வருஷம் ஆகிறது, யாரும் கேட்கப் போவதில்லை. மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடலாம். பிள்ளைகளுக்காக மறுபடி சேர்ந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம்; அது நல்ல செய்தி, ஊரில் எல்லாருக்கும் பிடிக்கும். அந்தப் பெண்ணை மன்னித்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

“எந்தப் பெண்ணை?” என்றான் கிரஹாம்.

“அதான்ப்பா. மாடிப்படி.”

அவன் எழுந்து கெட்டிலைப் போட்டான். இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தான். பிறகு, வக்கீல் ஒருத்தரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னான். இரண்டு வருஷம் பிரிந்து வாழ்ந்தவர்கள் இருவரும் சம்மதித்தால் விவாகரத்து வாங்கலாம், யார் மேலும் குற்றம் சொல்ல வேண்டாம். ஜூலையிலேயே இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவள் சம்மதம் எழுதிக் கொடுத்தால் போதும்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள்.

“நாம எங்க பிரிஞ்சோம், கிரஹாம்? அது சும்மா. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

“அப்படின்னு கவுன்சிலுக்கு எழுதிக் கொடு.”

கீழே யாரோ காட் மீன் இரண்டு கேட்டார்கள். ஸ்டெலியோஸின் குரலும் எண்ணெய் சீறும் சத்தமும் தரை வழியாக வந்தன. லொரேன் தன் கைப்பையைத் திறந்து மூடினாள். இவ்வளவு நாள் உள்ளே இருந்துவிட்ட பெண்ணிடமிருந்து இடத்தைப் பிடுங்க மாட்டார்கள் என்று விஷயம் தெரிந்த ஒருவர் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை விசாரிக்கப் போனால், ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். போலின் ஆஸ்குட்டின் காதுக்குப் போகும். மிஸஸ் வின்டர்போர்ன் காதுக்குப் போகும். அப்போது அவளுடைய பக்கத்து இருக்கையில் எத்தனை பைகள் வந்து உட்காரும் என்று அவள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நெடுநேரம் எண்ணினாள்.

நான் வந்து இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருந்தால் கிரஹாம் என்ன செய்திருப்பான் என்று அவனிடமே கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றுதான் சொன்னான். ஆனால் யாரோ வருவதற்காகக் கதவைப் பார்த்திருப்பவன் மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டு எதிரேதான் உட்கார்ந்திருந்தான், ஒரு டீக்கோப்பையை அவள் பக்கம் தள்ளியும் வைத்திருந்தான். அவள் டீயைத் தொடவில்லை.

“பேப்பர் இருக்கா?” என்றாள்.

இருந்தது. அவன் எடுத்து வைத்தான். அவள் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரவேற்பு மேசையில் படிவங்களைப் பார்ப்பது போல, மேலிருந்து கீழே விரல் வைத்து நிதானமாகப் பார்த்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“பிரிஞ்ச தேதி இருபத்தொண்ணுன்னு போட்டிருக்க. நான் கவுன்சிலுக்குக் கொடுத்தது பதினாலு. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். நாளைக்கு எவனாவது ஒப்பிட்டுப் பார்த்தா இமோஜனுக்குத்தான் பிரச்சனை.”

அவன் பேனாவை நீட்டினான். அவளே அந்தத் தேதியை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, அவனையும் போடச் சொல்லி, பிறகு கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். அழகான கையெழுத்து. கைப்பையை எடுத்துக்கொண்டு படி இறங்கி, கல்லாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். பெண்கள் இருவரும் ஒரு காகிதத்தைச் சுற்றி நின்று தின்றுகொண்டிருந்தார்கள். கோட்டைக் கழற்றிட்டுத் தின்னு, என்று மூத்தவளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.